அலைக்கு முதலில் ஆர் வந்தது? ரொபர்ட்ஸ்போர்ட்டில் இருந்து டேர்பன் வரை ஒரு பயணத் திட்டம்

பயணம் போகத்தான் காசு வேணும், திட்டம் போடுறதுக்கு ஒரு சதமும் வேண்டாம். கலைப்பீடத்து மாணவர்களான எங்களிடம் அப்படிப் போட்டு வைத்த திட்டங்கள் கனக்க இருக்கு. இப்போது கையில் இருப்பது ஆபிரிக்காவின் சூடான கடற்கரையோரம் ஒரு அலைச்சறுக்குப் பயணம். லைபீரியாவின் ரொபர்ட்ஸ்போர்ட்டில் தொடங்கி, கானாவின் கரைக்கு வந்து, சாவோ டோமே தீவைத் தொட்டு, கடைசியாக இந்து சமுத்திரப் பக்கம் திரும்பி டேர்பனில் முடிக்கிறதுதான் யோசனை.

ஏன் சூடான கடல் எண்டு கேட்பீங்கள். ஆபிரிக்கா என்றாலே வெக்கை என்று நினைக்கிறவர்களுக்கு அதன் கடல் அப்படியில்லை என்பது ஆச்சரியமாக இருக்கும். மொரோக்கோவின் கரையைக் கனேரி நீரோட்டம் குளிர வைக்கிறது. நமீபியாவையும் கேப் டவுனின் அத்திலாந்திக் பக்கத்தையும் பெங்குவேலா நீரோட்டம் குளிர வைக்கிறது. அங்கே இறங்க வேணுமெண்டால் தடித்த ரப்பர் உடுப்பு வேணும். இரண்டுக்கும் நடுவில் கினி வளைகுடா சூடாகக் கிடக்கிறது. கிழக்கே மொசாம்பிக் பக்கமிருந்து அகுல்லாஸ் நீரோட்டம் சூட்டைத் தெற்கே டேர்பன் வரைக்கும் இழுத்துக்கொண்டு போகிறது. அறுகம்பேயில் அரைக்காற்சட்டையோடு அலைக்குப் போகிற எங்கட ஆக்களுக்கு இந்த இரண்டு கரைகளும்தான் தோது.

ஆனால் வரைபடத்தை விரித்து வைத்து அலைச்சறுக்குக்காரருக்கென்று எழுதிய கைநூல்களை வாசிக்கத் தொடங்கியதும், வரலாறு படிக்கிற எங்களுக்கு ஒரு விசயம் உறுத்தத் தொடங்கியது. அந்த நூல்களில் ஆபிரிக்காவின் அலைகள் 1960 களில்தான் பிறக்கின்றன. அதற்கு முதல் அங்கே கடல் இருந்தது, மனிசர் இருந்தார்கள், ஆனால் ஏதோ ஒருத்தரும் அலையைத் திரும்பிப் பார்த்ததில்லை என்ற மாதிரி.

அந்தக் கதையின் ஊற்று ஒரு படம். புரூஸ் பிரவுண் என்ற அமெரிக்கர் எடுத்து 1966 இல் திரையரங்குகளுக்கு வந்த 'த என்ட்லெஸ் சமர்'. மைக் ஹின்சன், ரொபர்ட் ஓகஸ்ட் என்ற இரண்டு கலிபோர்னியப் பெடியள் கோடையைத் துரத்திக்கொண்டு உலகத்தைச் சுற்றுகிறார்கள். செனகல், கானா, நைஜீரியா, தென்னாபிரிக்கா என்று படத்தின் கணிசமான பகுதி ஆபிரிக்காவில்தான். படம் அழகு, அதில் எங்களுக்குச் சந்தேகமில்லை. அலைச்சறுக்குக்காக ஊர் ஊராகப் போவது என்ற ஆசையையே அந்தப் படம்தான் உலகத்துக்குக் கொடுத்தது என்று சொல்லலாம். அறுகம்பேக்கு வந்திறங்குகிற வெள்ளைக்காரரின் முதுகில் இருக்கிற பலகைப் பையும் ஒருவகையில் அந்தப் படத்தின் பிள்ளைதான்.

சிக்கல் கானாப் பகுதியில் வருகிறது. அக்ரா அருகே மீன்பிடிக் கிராமம் ஒன்றின் கரையில் இருவரும் பலகையோடு இறங்க, ஊரே திரண்டு வந்து பார்க்கிறது. அலைச்சறுக்கு என்ற ஒன்றை அந்தச் சனம் அன்றைக்குத்தான் முதன்முதலாகக் காண்கிறது என்கிற தொனியிலேயே பின்னணிக் குரல் பேசிக்கொண்டு போகிறது. சின்னப் பெடியள் பலகைத் துண்டுகளோடு தண்ணீருக்குள் பாய்வதும் அதே படத்தில் இருக்கிறது. கமரா கண்டதைக் குரல் காணவில்லை.

இனி ஒருக்கா முந்நூறு வருசம் பின்னால் போவம்.

1640 களில் மைக்கேல் ஹெமர்சாம் என்ற ஜேர்மன்காரர் ஒல்லாந்து மேற்கிந்தியக் கம்பனியின் வேலையாளாகத் தங்கக் கரையில் (இன்றைய கானா) இருந்தார். பெற்றோர் பிள்ளைகளைப் பலகைகளில் கட்டித் தண்ணீருக்குள் விடுகிறார்கள் என்று அவர் எழுதி வைத்திருக்கிறார். நீந்தப் பழக்குகிறார்கள் என்பது அவருடைய விளக்கம். அதே நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் அங்கே வந்த பிரெஞ்சு வியாபாரி ஜோன் பார்போ, எல்மினாவின் கரையில் நூற்றுக்கணக்கான பிள்ளைகள் பலகைத் துண்டுகளையும் கோரைக் கட்டுகளையும் வயிற்றுக்குக் கீழே வைத்து, உடைகிற அலைகளுக்கு நடுவே விளையாடியதைக் கண்டிருக்கிறார். பெடியள் மட்டுமில்லை, பெட்டையளும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள் என்று குறிப்பிடுகிறார். அவரும் நீச்சல் பழகுகிறார்கள் என்றே நினைத்தார். 1830 களில் அக்ராவுக்கு வந்த பிரித்தானிய அதிகாரி ஜேம்ஸ் எட்வேர்ட் அலெக்சாண்டருக்குத்தான் கொஞ்சம் விளங்கியது. பெடியள் வயிற்றின் கீழ் இலேசான பலகையோடு கடலுக்குள் நீந்திப் போய், நல்ல அலை வருமட்டும் பார்த்திருந்து, அதன் மேல் ஏறிக் கரைக்கு வருவதை அவர் தெளிவாகவே எழுதுகிறார்.

இப்ப யோசிச்சுப் பாருங்கோ. பொலினீசியரின் அலைச்சறுக்கைப் பற்றி ஐரோப்பியர் எழுதிய முதல் குறிப்பு 1769 இல் தஹிட்டியில் யோசேப் பாங்க்ஸ் எழுதியது. ஹெமர்சாம் அதற்குச் சுமார் 120 வருசம் முந்தியவர். இதை வைத்து 'ஆபிரிக்கர்தான் கண்டுபிடித்தார்கள், ஹவாய்க்காரர் இல்லை' என்று கொடி பிடிக்க நாங்கள் வரவில்லை. எழுத்தில் முந்தி வந்தது செயலிலும் முந்தி வந்தது என்று ஆகாது. எந்தக் கப்பல் எந்தக் கரைக்கு எப்போது போனது என்பதைத்தான் இந்தத் திகதிகள் சொல்கின்றன. இரண்டு சமுத்திரங்களில் இரண்டு சனங்கள் தங்கட பாட்டில் அலையேறப் பழகினார்கள் என்று எடுப்பதே நேர்மை. 'அதெல்லாம் படுத்துக்கொண்டு போறது, நிண்டுகொண்டு போனால்தான் சேர்பிங்' எண்டு ஒரு வாதமும் உண்டு. ஹவாயிலும் பைப்போ என்ற சின்னப் பலகையில் படுத்துக்கொண்டு சறுக்கினார்கள். அதை ஒருத்தரும் அலைச்சறுக்கு வரலாற்றில் இருந்து வெட்டி எறிவதில்லை.

இந்தக் குறிப்புகளைக் கூட்டிச் சேர்த்து வைத்து வாசித்தவர்களில் முக்கியமானவர் கெவின் டோசன் என்ற வரலாற்றாய்வாளர். 'அண்டர்கரன்ட்ஸ் ஒஃப் பவர்' என்ற அவருடைய நூல் 2018 இல் வந்தது. அவர் சொல்வதில் எங்களுக்குப் பிடித்தது, பிள்ளைகளின் விளையாட்டைப் பெரியவர்களின் தொழிலோடு சேர்த்துப் பார்ப்பது. அந்தத் தொழில் அலைத்தோணி ஓட்டுவது.

கினி வளைகுடாவின் பெரும்பாலான கரை நீட்டுக்கு நேராகக் கிடக்கிறது. ஒதுங்க ஒரு குடா இல்லை, துறைமுகம் கட்டத் தோதான வாய் இல்லை. தென் அத்திலாந்திக்கில் எங்கேயோ அடிக்கிற புயலின் அலை ஆயிரக்கணக்கான மைல் ஓடி வந்து இந்த மணலில் விழுந்து உடைகிறது. கப்பல் வெளியே நங்கூரம் போட்டு நிற்கும். அங்கிருந்து கரைக்கு ஆளும் சாமானும் வர வேண்டுமென்றால் அந்த உடைகிற அலையைத் தாண்டவேணும். ஐரோப்பிய வள்ளமும் மாலுமியும் அதில் கவிழ்ந்து செத்தார்கள். அவர்களில் கனபேருக்கு நீந்தவே தெரியாது. கரையோரத்து ஃபான்டி, கா மக்களோ ஒற்றை மரத்தில் குடைந்த தோணியோடு அந்த அலையை அன்றாடம் கடந்தார்கள்.

அலைகள் ஒரே சீராக வருவதில்லை. பெரியவை சில சேர்ந்து கூட்டமாக வரும், பிறகு கொஞ்ச நேரம் கடல் அடங்கும். அலையைத் தெரிந்தவன் அந்த அடக்கத்துக்காகப் பார்த்திருந்து, சரியான கணத்தில் துடுப்பு வலிப்பான். கரைக்கு வரும்போது அலையின் முதுகிலேயே ஏறி வருவான். இந்தக் கணிப்பு புத்தகத்தில் பழகுகிற விசயமில்லை. சின்ன வயதில் வயிற்றின் கீழ் ஒரு பலகையோடு ஆயிரம் தரம் அலையிடம் அடிவாங்கிய உடம்புக்குத்தான் அது தெரியும். ஹெமர்சாமும் பார்போவும் கண்ட பிள்ளைகள் பழகிக்கொண்டிருந்தது அதைத்தான்.

இந்தத் தோணிக்காரரின் வரலாறு வெறும் பெருமைக் கதையில்லை என்பதையும் சொல்லியாக வேணும். எல்மினாவில் 1482 இல் போர்த்துக்கீசர் கோட்டை கட்டினார்கள். 1637 இல் அதை ஒல்லாந்தர் பிடித்தார்கள். (அடுத்த வருசம், 1638 இல், ஒல்லாந்தின் மற்றக் கம்பனி மட்டக்களப்புக் கோட்டையைப் போர்த்துக்கீசரிடமிருந்து பிடித்தது. எங்கட பாடசாலைப் புத்தகத்தில் ஒரு பந்தியாக வருகிற அதே போட்டிதான் அங்கேயும் நடந்தது.) தங்கம் வாங்க வந்தவர்கள் பிறகு மனிசரை வாங்கத் தொடங்கினார்கள். கிழக்கே, இன்றைய பெனினில் இருக்கிற வீடாவின் கரை இன்னும் மோசமானது. அங்கே அடிமைகளை ஏற்றப் போகிற கப்பல்கள் வழியில் தங்கக் கரையில் நின்று, தோணியையும் தோணிக்காரரையும் கூலிக்கு அமர்த்திக்கொண்டு போயின. சங்கிலியில் கட்டிய மனிசரை அலை தாண்டிக் கப்பலில் ஏற்றியது இந்தக் கைகள்தான். தோணி கவிழ்ந்தால் துடுப்புக்காரன் நீந்திக் கரை சேர்வான். கட்டப்பட்டவர்கள் மூழ்கிப் போவார்கள்.

அதே தோணிக்காரர் கூலி காணாது என்று கோட்டைக்காரரிடம் வேலை நிறுத்தமும் செய்தார்கள். ஆபிரிக்காவின் கூலித் தொழிலாளர் வரலாற்றை எழுதுகிறவர்கள் இவர்களில் இருந்து தொடங்குவதும் உண்டு. தோணி இல்லாமல் கோட்டைக்குச் சோறும் இல்லை, கடிதமும் இல்லை என்பது அவர்களுக்கு நல்லாத் தெரியும். பாதிக்கப்பட்டவர்கள், உடந்தையானவர்கள் என்று ஆட்களை இரண்டு பெட்டிக்குள் போட்டு மூட விரும்புகிறவர்களுக்கு இந்தக் கரை வசதியான இடமில்லை.

அக்ராவில் அலைத்தோணி வேலை இருபதாம் நூற்றாண்டிலும் நடந்தது. கொக்கோ மூட்டைகள் அலை தாண்டிக் கப்பலுக்குப் போயின, சீமெந்தும் யந்திரங்களும் அலை தாண்டி வந்தன. 1962 இல் தேமா துறைமுகம் திறந்த பிறகுதான் அக்ராவின் அலைத்தோணிகள் ஓய்ந்தன. 'த என்ட்லெஸ் சமர்' படப்பிடிப்பு 1963, 64 இல். அதாவது, அலையேறுவது என்றால் என்னவென்று கானாக்காரருக்கு அறிமுகம் செய்ய இரண்டு அமெரிக்கர் வந்திறங்கியது, பல நூறு வருசமாக அலையேறிச் சீவித்தவர்களின் வேலை போய் இரண்டு வருசமும் ஆகாத நேரம். கரையில் நின்று பார்த்த கூட்டத்தில் ஓய்வுபெற்ற தோணிக்காரர் எத்தனை பேர் நின்றிருப்பார்கள், மனதுக்குள் என்ன சிரிப்புச் சிரித்திருப்பார்கள் என்று நாங்கள் பேசிப் பேசிச் சிரித்ததுண்டு.

கானாவில் நாங்கள் குறித்து வைத்திருக்கிற இடம் புசுவா. ஒரு பக்கம் டிக்ஸ்கோவில் ஆங்கிலேயர் கோட்டை, மறுபக்கம் புட்ரேயில் ஒல்லாந்தர் கோட்டை, நடுவில் இந்தக் குடா. ஏப்ரல் முதல் செப்டெம்பர் வரை தெற்கிலிருந்து அலை நல்லா வரும், ஆனால் மழையும் அந்தக் காலத்தில்தான். யூலையில் இருந்து செப்டெம்பர் வரை ஆழத்துக் குளிர்நீர் மேலே கிளம்புவதால் கடல் சாடையாகக் குளிரும். மீன் திரள்வதும் அப்போதுதான். செவ்வாய்க்கிழமை கானாக் கரையோரத்தில் கடலுக்குப் போகமாட்டார்கள், அது கடலுக்குரிய நாள் என்று பழைய வழக்கம். ஒரு செவ்வாயையாவது அங்கே கழிக்க வேணும் என்பது எங்களுக்குள் முடிவான விசயம். தோணியெல்லாம் கரையில் இருக்கும், தோணிக்காரரோடு கதைக்கலாம்.

ரொபர்ட்ஸ்போர்ட்டைப் பற்றி இன்னும் சொல்லவில்லை. லைபீரியா 1847 இல் சுதந்திரம் அடைந்தது. அதன் முதல் ஜனாதிபதி யோசேப் ஜென்கின்ஸ் ரொபர்ட்சின் பெயரில் இருக்கிற ஊர் இது. அமெரிக்காவில் இருந்து திரும்பி வந்த கறுப்பினத்தவரின் வழிவந்தோர் உள்ளூர்ச் சனத்தை ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக ஆண்டார்கள். 1989 முதல் 1997 வரை ஒரு போர், பிறகு 1999 முதல் 2003 வரை இன்னொரு போர். அந்தப் போர் முடிந்த கையோடு அமெரிக்க மாணவர் சிலர் அங்கே போய் எடுத்த 'ஸ்லைடிங் லைபீரியா' என்ற ஆவணப்படம் இருக்கிறது. போருக்குள் தப்பித் திரிந்த ஓர் இளைஞன், கையில் அகப்பட்ட ஒரு படுத்துச் சறுக்கும் பலகையோடு தானாக அலையேறப் பழகிய கதை அதில் வரும். அதைப் பார்த்தபோது எங்களில் ஒருத்தரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. போர் நடக்கிற நாட்டில் கடல் என்பது பாஸ் எடுத்துப் போகிற இடம், அல்லது போகவே கூடாத இடம் என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். அங்கே ஒருத்தன் விளையாடியிருக்கிறான்.

அந்த இளைஞனை லைபீரியாவின் முதல் அலைச்சறுக்குக்காரர் என்று அழைக்கிறார்கள். இதே கரையின் தெற்குப் பக்கத்தில் குரூ மக்கள் இருக்கிறார்கள். ஐரோப்பியக் கப்பல்கள் அலை தாண்டத் தேடித் தேடிக் கூலிக்கு ஏற்றிக்கொண்டது அவர்களைத்தான். 'முதல்' என்ற சொல்லை இந்தக் கரையில் கொஞ்சம் கவனமாகத்தான் பாவிக்க வேணும். சாவோ டோமேயிலும் இதுதான் கதை. வெளியாட்கள் பலகையோடு போய் இறங்கியபோது, ஊர்ப் பிள்ளைகள் மரத்தில் தாங்களே செதுக்கிய பலகைகளில் ஏற்கெனவே அலையேறிக்கொண்டிருந்தார்கள்.

இனி டேர்பன். இங்கே கேள்வி வேறு. மேற்குக் கரையில் உள்ளூராரின் அலையேற்றத்தை வந்தவர்கள் கண்டும் காணாமல் விட்டார்கள். டேர்பனில் உள்ளூராரைக் கடலுக்கே விடவில்லை.

டேர்பன் எங்களுக்கு முழுக்க அந்நிய ஊர் இல்லை என்பதையும் இதோடு சொல்ல வேணும். 1860 நவம்பர் 16 ஆம் திகதி 'ட்ரூரோ' என்ற கப்பல் சென்னையில் இருந்து ஒப்பந்தக் கூலிகளோடு டேர்பனுக்கு வந்தது. 1911 வரைக்கும் அப்படி 152,184 பேர் நேட்டாலுக்குக் கொண்டுவரப்பட்டார்கள். சென்னையில் ஏறியவர்களில் தமிழும் தெலுங்கும் பேசியோர் மிகுதி. அந்தக் காலத்துச் சென்னைக்கும் துறைமுகம் இல்லை. கப்பல் வெளியே நிற்கும், கரையில் இருந்து மசூலாப் படகில் அலையைத் தாண்டித்தான் ஏறவேணும். அந்தப் படகின் பலகைகளை ஆணி அடிக்காமல் கயிற்றால் தைத்திருப்பார்கள், அலை அடித்தால் வளைந்து கொடுக்கும். அக்ராவின் தோணிக்காரருக்கும் சென்னையின் படகுக்காரருக்கும் ஒருத்தரை ஒருத்தர் தெரியாது. ஆனால் இருவரும் வெள்ளைக்காரனின் கப்பலுக்கும் கரைக்கும் நடுவில் ஒரே வேலையைத்தான் செய்தார்கள்.

கரும்புத் தோட்ட ஒப்பந்தம் முடிந்தவர்களில் சிலர் டேர்பனில் கடற்தொழிலுக்குத் திரும்பினார்கள். துறைமுகக் குடாவில் இருந்த சாலிஸ்பரித் தீவிலும் அதன் அயலிலும் கரைவலை இழுக்கிற குடும்பங்கள் குடியிருந்தன. பிறகு நகரமும் துறைமுகமும் வளர வளர அவர்கள் ஒதுக்கப்பட்டார்கள். அதே சாலிஸ்பரித் தீவில், கடற்படை விட்டுப்போன கட்டடங்களில், 1961 இல் இனவொதுக்கல் அரசு 'இந்தியருக்கான பல்கலைக்கழகக் கல்லூரி' ஒன்றைத் திறந்தது. மாணவர்கள் படகில் விரிவுரைக்குப் போய்வந்தார்கள். பல்கலைக்கழகத்தில் இருந்துகொண்டு இதை எழுதுகிற எங்களுக்கு அந்தப் படகுப் பயணத்தை நினைக்காமல் இருக்க முடியவில்லை. சுற்றிவரக் கடல் இருக்கிறது, குளிக்க நல்ல கடற்கரையும் பக்கத்தில் இருக்கிறது, ஆனால் அது வேறு ஆட்களுக்குரியது.

சட்டம் அப்படித்தான் எழுதப்பட்டிருந்தது. 1953 இல் வந்த தனித்தனி வசதிகள் ஒதுக்கீட்டுச் சட்டம் பூங்கா, பஸ், கழிப்பறை என்று எல்லாவற்றையும் நிறத்தால் பிரித்தது. பிரித்தவை சமமாக இருக்க வேண்டியதும் இல்லை என்று அதில் வெளிப்படையாகவே சொல்லப்பட்டிருந்தது. 1960 இல் ஒரு திருத்தம் கொண்டுவந்து கடற்கரையையும் கடலையும் அதற்குள் சேர்த்தார்கள். அலைக்கே ஒரு நிறம் வந்தது. டேர்பன் நகரின் நடுவில் இருந்த நல்ல கடற்கரைகள் வெள்ளையருக்கு. நகரசபையின் கடற்கரை உபவிதி 37 இன் கீழ் இந்த இடம் வெள்ளை இனத்தவருக்கு மட்டும் என்று ஆங்கிலம், ஆபிரிக்கான்ஸ், சுலு மூன்று மொழியிலும் அறிவித்தல் பலகை நின்றது. உள்ளே வரக்கூடாது என்று சொல்வதற்கு மட்டும் சுலு மொழிக்கும் இடம் கிடைத்திருக்கிறது, பாருங்கோ.

இதில் பாதுகாப்பும் ஒரு பங்கு. டேர்பன் கடலில் சுறா உண்டு. 1952 இல் டேர்பனில் சுறாவலை போட்டார்கள். 1957 டிசம்பரில் இருந்து சில மாதங்களுக்குள் நேட்டாலின் தெற்குக் கரையில் அடுத்தடுத்துப் பலர் சுறாவிடம் உயிரிழந்த பிறகு, 1964 இல் அதற்கென்றே ஒரு சபை உருவாக்கப்பட்டது. வலையும் உயிர்காப்பாளரும் முதலில் எந்தக் கரைக்குப் போயிருப்பார்கள் என்பதற்கு விளக்கம் தேவையில்லை.

இந்தப் பாதுகாப்பான, சூடான, வெள்ளை மட்டுமான கரையில்தான் தென்னாபிரிக்க அலைச்சறுக்கு உலகப் புகழுக்கு வளர்ந்தது. 1969 இல் டேர்பனில் தொடங்கிய போட்டி பிறகு 'கன்ஸ்டன் 500' என்று பெயர் பெற்றது. டேர்பன்காரரான ஷோன் டொம்சன் அதை 1973 முதல் 1978 வரை ஆறு வருசம் தொடர்ந்து வென்றார், 1977 இல் உலக சம்பியன் ஆனார். அவருடைய திறமையை நாங்கள் குறைத்துச் சொல்லவில்லை. பக்கத்துக் கரையில் பலகை பிடிக்கவே விடப்படாத பிள்ளைகளோடு அவர் போட்டி போட வேண்டி வரவில்லை என்பது மட்டும்தான் எங்கட பிரச்சினை.

1972 இல் நடந்ததைக் கட்டாயம் சொல்ல வேணும். அந்தப் போட்டிக்கு ஹவாயில் இருந்து எடி ஐகாவ் அழைக்கப்பட்டார். வைமேயாக் குடாவின் உயிர்காப்பாளர், பெரிய அலைகளில் அவருக்கு ஈடில்லை என்று பெயர் எடுத்தவர், ஹவாயின் பூர்வகுடி. டேர்பனில் தங்க வேண்டிய விடுதி அவருடைய தோல் நிறத்தைப் பார்த்து இடமில்லை என்றது. டொம்சனின் தகப்பன்தான் அவரைத் தங்கட வீட்டுக்கு அழைத்துப் போனார். நிண்டுகொண்டு அலையேறுவதை உலகத்துக்குக் கொடுத்த சனத்தின் பிள்ளைக்கு, அந்த விளையாட்டின் பெயரால் அழைத்த ஊரிலேயே ஒரு படுக்கை இல்லை.

'த என்ட்லெஸ் சமர்' இதே நாட்டில் எடுக்கப்பட்ட காலத்தில்தான் ரிவோனியா வழக்கு நடந்தது. 1964 யூனில் மண்டேலாவுக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. படம் இனவொதுக்கலைத் தொட்டும் தொடாத ஒரு பகிடியோடு கடந்துபோகிறது. விளையாட்டையும் அரசியலையும் கலக்கக் கூடாது என்ற பழைய பல்லவி அலைச்சறுக்குக்காரரிடம் கன காலம் இருந்தது. 1973 இல் உருவான சாகோஸ் என்ற விளையாட்டு அமைப்பு அதற்கு நேரெதிராக, இயல்பில்லாத சமூகத்தில் இயல்பான விளையாட்டு இருக்க முடியாது என்று நின்றது. 1985 இல்தான் அலைச்சறுக்கின் உச்சியில் இருந்த ஒருத்தர் வாய் திறந்தார். இரண்டு தரம் உலக சம்பியனான அவுஸ்திரேலியர் டொம் கரோல், தென்னாபிரிக்கப் போட்டிகளுக்குப் போகமாட்டேன் என்று அறிவித்தார். டொம் கரன், மார்ட்டின் பொட்டர் போன்றோரும் சேர்ந்துகொண்டார்கள். புள்ளிகள் போனால் பட்டமும் போகலாம் என்று தெரிந்துதான் செய்தார்கள். கனபேர் அப்போதும் போய்ப் போட்டியிட்டார்கள் என்பதையும் மறக்கக் கூடாது.

1989 இல் சனமே கடலுக்குள் இறங்கியது. ஓகஸ்ட்டில் கேப் டவுன் பக்கத்துக் கடற்கரைகளுக்கு டெஸ்மண்ட் டுட்டுவும் ஆயிரக்கணக்கானோரும் போனார்கள். பொலிஸ் நாயோடும் கசையோடும் நின்றது. அந்த வருசம் நவம்பர் 16 ஆம் திகதி ஜனாதிபதி டி கிளார்க் எல்லாக் கடற்கரைகளையும் எல்லோருக்கும் திறந்துவிட்டதாக அறிவித்தார். ட்ரூரோ கப்பல் டேர்பனுக்கு வந்த அதே நவம்பர் 16. நடுவில் 129 வருசம். தற்செயல்தான், ஆனால் திகதி பாடமாக்குகிற எங்களைப் போன்றவர்களுக்கு இது மறக்காது.

அந்த 1989 ஐயே களமாக வைத்து எடுத்த படம் 'ஒட்டெலோ பேர்னிங்'. 2011 இல் வந்தது, சாரா பிளெச்சர் இயக்கியது. டேர்பனின் லாமன்ட்வில் என்ற கறுப்பினக் குடியிருப்புப் பெடியள் அலையேறப் பழகுவதும், அந்த விடுதலை உணர்வைச் சுற்றிவர நடக்கிற வன்முறை விழுங்குவதும்தான் கதை. 'த என்ட்லெஸ் சமர்' ஐயும் இதையும் ஒரே நாளில் அடுத்தடுத்துப் பாருங்கோ என்று வாசிக்கிற எல்லோருக்கும் சொல்லுவோம். ஒரே கடல்தான், ஒரே ஊரும்தான், ஆனால் வேறு ஒரு விளையாட்டு மாதிரி இருக்கும். கேப் டவுனைச் சேர்ந்த மைக்கி பெப்ரவரி உலகச் சுற்றுப் போட்டிக்குள் நுழைந்த முதல் கறுப்பின ஆபிரிக்கர் ஆனது 2018 இல். கடற்கரைகள் திறந்து 29 வருசம் போன பிறகு.

கடைசியாகத் திட்டத்தின் சில்லறை விசயங்கள். இலங்கைக் கடவுச்சீட்டோடு இத்தனை நாட்டு விசா எடுக்கிறது தனிக் கட்டுரைக்குரிய சோகம், அதை இங்கே தொடங்கவில்லை. மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி அட்டை இல்லாமல் கானாவுக்குள் போக முடியாது. கானாவில் இருந்து வருகிறவர்களிடம் தென்னாபிரிக்காவும் அதே அட்டையைக் கேட்கும். மலேரியா மாத்திரையை மறக்கக் கூடாது. மாதத்தைப் பற்றித்தான் எங்களுக்குள் இன்னும் இழுபறி. மே மாதம் மேற்குக் கரைக்கும் சரி, டேர்பனில் மழை குறைந்து காற்று நேராகிற காலத்துக்கும் சரி என்று ஒரு கட்சி. யூன், யூலைதான் வேணும் என்று மற்றக் கட்சி, ஏனெண்டால் அப்போதுதான் தெற்கிலிருந்து சாளை மீன் கூட்டம் கூட்டமாக நேட்டால் கரைக்கு ஏறி வரும். சாளையின் பின்னால் சுறாவும் ஓங்கிலும் வரும் என்பதால் சுறாவலைகளைத் தூக்கிவிடுவார்கள், கடலில் குளிக்கவும் சறுக்கவும் தடை வரும். அந்த நாட்களில் கரை முழுக்கக் கரைவலைக்காரரின் கையில். பலகையைத் தென்னைமரத்தில் சாத்தி வைத்துவிட்டு வலை இழுக்கிறதைப் பார்த்துக்கொண்டு நிற்கலாம், விட்டால் கயிற்றில் ஒரு கை கொடுக்கலாம். இப்போதைக்கு யூன் கட்சிக்கு ஒரு வாக்குக் கூட.